மாடியில் குளியல்... கீழே பூசணம்!

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவன் எதையெல்லாம் பார்ப்பான்? தண்ணி வருமா, பஸ் ஸ்டாப் பக்கமா, ஓனர் தலைக்கு மேலேயே குடியிருக்கிறாரா... இந்த மூன்றைத்தான். நானும் அந்த மூன்றையும் கவனமாகப் பார்த்தேன். அண்ணாந்து கூரையைப் பார்க்கவில்லை. அதற்கு நான் கட்டிய அபராதம்தான் இந்தக் கட்டுரை!

2023 வைகாசியில் மடிப்பாக்கத்தில் ஒரு போர்ஷன் கிடைத்தது. தரைத்தளம். ஹால், கிச்சன், ஒரே ஒரு பெட்ரூம். மாடியில் ஹவுஸ் ஓனர். கிண்டியில் எனக்கு ஆபீஸ். பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்று ஆரம்பித்தவரைக் காலில் விழாத குறையாக எட்டு மாதத்துக்கு இறக்கினேன்.

பெட்ரூமில் மூன்று சுவர்கள் அழுது வடியும் க்ரீம் கலரில் இருந்தன. நாலாவது சுவர் மட்டும் பளபளவென்று புது ரோஸ் கலர்!

"ஒரு சுவத்துக்கு மட்டும் வேற கலர் அடிக்கிறதுதான் இப்ப ஃபேஷன் தம்பி" என்றார் ஓனர்.

"நல்ல ரசனைங்க" என்றாள் என் மனைவி. நானும் தலையாட்டினேன். அந்த ரசனைக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆவணி வரை ஒன்றுமில்லை. புரட்டாசியில் ஒரு வாசனை கிளம்பியது. நனைந்த சாக்கு, பழைய புத்தகம், எப்போதோ மூடி வைத்த டிபன் பாக்ஸ் மூன்றையும் சேர்த்து முகர்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி. ஒருநாள் காலை அவசரமாக பெல்ட்டை எடுத்தால், கறுப்பு பெல்ட் பச்சையும் வெள்ளையுமாகப் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கிறது. பீரோவைத் திறந்தால் என் மனைவியின் முகூர்த்தப் பட்டில் கடுகு தாளித்த மாதிரி புள்ளிகள். அன்றைக்கு வீட்டில் டிபன் கிடையாது.

பீரோவை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். ரோஸ் சுவரின் மேல் மூலையில், கூரையை ஒட்டி, ஓர் எட்டணாக் காசு அளவுக்குக் கறுப்பு வட்டம். ஒரு வாரத்தில் அது அப்பளம் ஆனது. தீபாவளிக்குள் சாப்பாட்டுத் தட்டு! நம் சம்பளம் இந்த வேகத்தில் வளர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஓனரிடம் போனேன். கூட்டி வந்து காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"இது ஒண்ணுமில்ல தம்பி. நீங்க ஜன்னலைத் தொறக்கறதில்ல. ரூமுக்குள்ளயே துணி காயப் போடறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதில் பாதி உண்மை! பெட்ரூமில் கயிறு கட்டித் துணி உலர்த்துவது உண்டுதான். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடுவதும் உண்டுதான். தப்பு நம் பக்கமும் கொஞ்சம் இருந்தால் வாய் தானாகவே மூடிக்கொள்கிறதே, அதுதான் வாடகைக்காரனின் பிறவிக் குணம்.

"மாடியில ஒரு டப்பா பெயிண்ட் மிச்சம் இருக்கு. தரேன். ஞாயித்துக்கெழம நீங்களே அடிச்சிடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடித்தேன். ரோஸ் சுவர் மறுபடி ரோஸ் ஆனது. எனக்கு முன்னால் இருந்தவரும் இதே டப்பாவிலிருந்துதான் அடித்திருப்பார் என்று பிற்பாடு தோன்றியது.

பதினைந்தே நாள். புதுப் பெயிண்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி உப்பி, உரிந்து, உள்ளேயிருந்து பழைய சினேகிதர் எட்டிப் பார்த்தார். தட்டு இப்போது தாம்பாளம்!

புயலும் இழுப்பும்

2023 டிசம்பர் 4-ம் தேதியை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர். கரன்ட் இல்லை. ஜன்னல் கதவெல்லாம் மூடி, ஒற்றை மெழுகுவத்தியில் மூன்று பேரும் அந்த பெட்ரூமிலேயே கிடந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் செருப்பு, ஆபீஸ் பை, என் டிகிரி சர்ட்டிபிகேட் வைத்த ஃபைல், எல்லாவற்றிலும் பூசணம்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நாலாம் நாள் ராத்திரி பையனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரெண்டரை வயது. நெஞ்சில் கையை வைத்தால் உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். விலா எலும்பு உள்வாங்கி உள்வாங்கி எழும்புகிறது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. சாதாரணமாக எனக்கு அவள் பேசினால்தான் பயம். அன்றைக்குப் பேசாததுதான் பயமாக இருந்தது.

கிளினிக்கில் நெபுலைசர் வைத்தார்கள். பையன் கொஞ்சம் தெளிந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல ஓதம் இருக்கா? சுவத்துல கறுப்பா எதாவது புடிச்சிருக்கா?"

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பூசணத்தோட வித்துக்கள் காத்துல பறக்கும். சில குழந்தைங்களுக்கு அது இழுப்பைக் கிளப்பிவிட்டுடும். மருந்து நான் குடுக்கறேன். ஆனா ராத்திரி முழுக்க அந்த ரூம்லயே படுக்க வெச்சா, நான் ஒரு பக்கம் அணைக்க அணைக்க நீங்க ஒரு பக்கம் ஊதற மாதிரிதான்."

அன்று முதல் படுக்கை ஹாலுக்கு வந்தது. தூக்கம் வராமல் செல்போனில் துழாவியபோது இங்கிலாந்துச் சேதி ஒன்று கண்ணில் பட்டது. ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்று ஒரு குழந்தை. இரண்டே வயது. பூசணம் மண்டிய வாடகைக் குடியிருப்பில் வளர்ந்து, 2020 டிசம்பரில் மூச்சுக் கோளாறால் இறந்துவிட்டான். அதற்குக் காரணம் அந்தப் பூசணம்தான் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பே சொன்னார். அவன் அப்பா புகார் சொல்லாமல் இல்லை. சொன்னபோது அவருக்குக் கிடைத்த யோசனை என்ன தெரியுமா? மேலே பெயிண்ட் அடியுங்கள்!

அந்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27 முதல் அமலில் இருக்கிறது. மலிவு வாடகைக்கு விடும் சமுதாயக் குடியிருப்புகளில், உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஆபத்தான ஓதம், பூசணம் என்று புகார் வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் வந்து பார்த்தாக வேண்டும். நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு பிள்ளை போக வேண்டியிருந்ததே.

மடிப்பாக்கத்தில் உலகப்போர்

மறுநாள் காலை வீரம் வந்துவிட்டது. ப்ளீச்சிங் பவுடர் வாங்கி வந்தேன். வாளியில் கரைத்தேன். இன்னும் கொஞ்சம் 'பவர்' இருக்கட்டுமே என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் அதில் விட்டேன். அவ்வளவுதான்! 'புஸ்'ஸென்று ஒரு நெடி. கண் எரிய, தொண்டை அடைக்க, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடி வந்துவிட்டேன். நல்லவேளை, பையனைத் தூக்கிக்கொண்டு மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஆபீஸில் கெமிஸ்ட்ரி படித்த நண்பரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"யோவ்! ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வாயுய்யா! 1915-ல பெல்ஜியத்துல ஜெர்மன்காரன் எதிரி மேல விட்டானே, அதே சரக்கு! அதை நீ மடிப்பாக்கத்துல விட்டிருக்கே!"

ஆகவே ஸார், இந்த ஒன்றை மட்டுமாவது மனைவியிடம் சொல்லிவையுங்கள். ப்ளீச்சிங்கோடு ஆசிட்டையோ, வேறு எந்த க்ளீனரையோ கலக்கவே கூடாது.

அப்புறம் எப்படித்தான் துடைப்பது? ஒரு மாஸ்க், கையுறை, சோப்புத் தண்ணீர், ஒரு பழந்துணி. இவ்வளவு போதும். விளக்குமாற்றால் வறட்டு வறட்டென்று தேய்த்தால் வித்துக்கள் வீடு முழுக்கப் பறக்கும். நனைத்துத்தான் துடைக்க வேண்டும். துடைத்ததும் ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து ஈரம் போகக் காயவிட வேண்டும். துடைத்த துணியைக் குப்பையில் போட வேண்டும். குழந்தையும் ஆஸ்துமாக்காரர்களும் அந்தப் பக்கம் வரக்கூடாது. மூன்றடிக்கு மூன்றடி பரப்புக்கு மேல் போய்விட்டால் நாமே கை வைக்காமல், தெரிந்த ஆளைக் கூப்பிடுவது உத்தமம்.

நண்பர் அதோடு விடவில்லை. "துடைக்கிறதெல்லாம் மூக்கு ஒழுகினா கர்ச்சீப்பால துடைக்கிற மாதிரி. ஜலதோஷம் போகாது. பூசணத்தோட வித்து எங்கதான் இல்ல? உன் ஆபீஸ் டேபிள்லகூட இருக்கு. அதுக்குத் தண்ணி கிடைச்சாத்தான் முளைக்கும். நனைஞ்ச எடம் ஒரு நாள், ரெண்டு நாளைக்குள்ள காஞ்சுட்டா ஒண்ணும் வராது. உன் சுவத்துக்கு தெனமும் தண்ணி ஊத்தறது யாருன்னு கண்டுபிடி!"

அதுவரை நான் பூசணத்தோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீரைத் தேடவே இல்லை.

பென்சில் துப்பறிவாளர்

சுவருக்கு ஈரம் மூன்று வழியில் வரலாம். அடியிலிருந்து வரும் ஓதம், தரையை ஒட்டி இரண்டு மூன்று அடி உயரம் வரை ஏறி உப்புப் பூக்கும். காற்றில் உள்ள ஈரம், நாம் சமைக்கிற ஆவி, உலர்த்துகிற துணி இதெல்லாம் காற்றுப் போகாத மூலையில், பீரோவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, மேலேயோ சுவருக்குள்ளேயோ எங்காவது ஒழுகுகிற தண்ணீர்.

என் சுவருக்கு எது? நண்பர் சொன்னபடி ஒரு பிளாஸ்டிக் தாளைக் கறையின் மேல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் நம்மைப் பார்த்த பக்கம் காய்ந்திருந்தது. சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது! அதாவது ஈரம் ரூமிலிருந்து போகவில்லை, சுவருக்குள்ளிருந்து வருகிறது. என் துணிக்கயிற்றுக்குப் பாதி விடுதலை!

அடுத்தது பென்சில். கறையின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதினேன். தினமும் ஆபீஸ் போகுமுன் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்பது. "சாமி படத்துக்குக்கூட நீங்க இப்படி நித்தம் சேவை பண்ணதில்ல" என்றாள் மனைவி.

ஜனவரி பிறந்ததும் ஓனரும் ஓனரம்மாவும் காசி யாத்திரை கிளம்பினார்கள். பன்னிரண்டு நாள் மாடி பூட்டிக் கிடந்தது. நடுவில் மழைகூடப் பெய்தது. ஆனால் என்ன ஆச்சரியம்! கறை லட்சுமணன் கோட்டுக்குக் கட்டுப்பட்ட மாதிரி கோட்டைத் தாண்டவே இல்லை. தொட்டால் காய்ந்திருந்தது.

பொங்கலுக்குத் திரும்பி வந்தார்கள். பின்னாலேயே கோயம்புத்தூரிலிருந்து மகள், மருமகன், மூன்று பேரப்பிள்ளைகள். மாடியில் எண்ணெய்க் குளியல் அமர்க்களம்! நாலே நாளில் கறை கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை வந்துவிட்டது.

பெட்ரூமுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? ஓனர் வீட்டு பாத்ரூம்!

சட்டம் என்ன சொல்கிறது?

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் போய்ச் சொல்ல வேண்டுமே! "பேசாம காலி பண்ணுங்க"ன்னு சொல்லிட்டா? அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டால்? வாடகைக்காரனின் நெஞ்சில் எப்போதும் ஒரு ஓரமாக ஓதம் ஏறியிருக்கும் ஸார். அதற்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டுதான் நாம் சிரிக்கிறோம்.

ஆபீஸில் சட்டம் தெரிந்த சீனியர் ஒருவர் தைரியம் கொடுத்தார். தமிழ்நாட்டில் 2017-ல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றி ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. யார் எந்த ரிப்பேரைச் செய்ய வேண்டும் என்று அதன் அட்டவணையில் பட்டியலே உண்டு. வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை, கட்டடத்தின் அமைப்பு சம்பந்தமான ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்பட்டால் குழாய்களை மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பெடுப்பது, சுவிட்ச், தாழ்ப்பாள் ரிப்பேர் எல்லாம் நம் பொறுப்பு.

ஓனர் செய்ய மறுத்தால், நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. அதே சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. எட்டு மாதத்துக்குக் குறைத்துவிட்டதாக மார்தட்டிய எனக்கு அதைக் கேட்டதும் மயக்கம் வராத குறை!

"ஆனா ஒண்ணு" என்றார் சீனியர். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுக்கணும். ஒப்பந்தமும் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவாகணும். வாயால சொன்னது காத்தோட போயிடும்."

ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். என்றைக்குக் கறை வந்தது, என்றைக்குச் சொன்னேன், என்றைக்குப் பெயிண்ட் அடித்தேன், டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் தேதியோடு. கூடவே போட்டோக்கள். மாடிப்படி ஏறும்போது கால் நடுங்கியது நிஜம்.

ஓனர் படித்தார். முகம் சிவந்தது. "என்ன தம்பி, சட்டம் பேசறீங்களா?"

"இல்ல ஸார். ஒரே ஒரு தடவ கீழ வந்து பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

வந்தார். ஸ்டூலில் ஏற்றினேன். கோடுகளையும் தேதிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். "இது நீங்க காசியில இருந்தப்ப ஸார்... இது நீங்க வந்தப்புறம்... இது உங்க பேரப்பிள்ளைங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அன்னிக்கு."

மனுஷர் கொஞ்சநேரம் பேசவில்லை. ஹாலில் பாயில் படுத்திருந்த பையனைப் பார்த்தார். பக்கத்தில் அவனுடைய இன்ஹேலரைப் பார்த்தார். "என் பேரனுக்கும் இவன் வயசுதான்" என்றார் மெதுவாக.

மறுநாளே பிளம்பர் வந்தார். மாடி பாத்ரூமின் தண்ணீர் போகும் வழியைத் துணி வைத்து அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டார். மறுநாள் காலை என் ரோஸ் சுவர் நீல நிறத்தில் வியர்த்திருந்தது! நஹானி டிராப் ஜாயின்ட்டில் விரிசல். டைல்ஸ் இடுக்குகளில் பூச்சும் போயிருந்தது. உடைத்து, மாற்றி, வாட்டர் புரூஃபிங் போட்டு மூடினார்கள். செலவு முழுக்க ஓனர். உடனே பெயிண்ட் அடிக்கவும் நாங்கள் விடவில்லை. ஊறிப்போன பூச்சைக் கொத்தியெடுத்து, ஒரு மாதம் போலக் காயவிட்டு, அப்புறம்தான் பூசி, பிரைமர் அடித்தோம்.

என் பங்குக்கு நானும் திருந்தினேன். துணிக்கயிறு வாசலுக்குப் போயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலை வந்தது. பீரோ சுவரை விட்டு நாலு விரற்கடை தள்ளி நிற்கிறது. பையனுக்கு அந்த வருஷம் இழுப்பு மறுபடி இரண்டு தடவைதான் வந்தது. இந்தச் சுவர் ஒன்றுதான் காரணம் என்று டாக்டரே சொல்லவில்லை. ஆனால் ராத்திரி அவன் சத்தமில்லாமல் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பது இருக்கிறதே, அதற்கு ஈடு எதுவுமில்லை.

வீடு பார்க்கப் போகும் தம்பிகளுக்கு நாலே வார்த்தை. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். பாத்ரூமுக்கு அடியிலும் அடுத்தும் உள்ள சுவர்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்டில் மின்னினால், "ஃபேஷனா ஸார்?" என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்!

2024 ஐப்பசியில் ஒருநாள். நல்ல அடைமழை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஓனர், தலையில் துண்டோடு நிற்கிறார். பகீரென்றது. வாடகையை ஏற்றப் போகிறாரோ?

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தம்பி, மேல எங்க பெட்ரூம் சீலிங்ல ஒரு வட்டம் வந்திருக்கு. மொட்டை மாடி ஒழுகுதுன்னு நினைக்கிறேன். அந்தப் பென்சில் இருந்தா கொஞ்சம் எடுத்துட்டு வரீங்களா?"